ஐந்தாவது கியர்

இன்னும் ஐந்தாவதைப் போட்டுப் பார்க்கவில்லை, எங்கே போடுவது, ஹோப்ஸ் சிக்னலில் கை முதல் கியருக்கும் நியூட்ரலுக்கும் நடுவே போய்ப் போய் வருகிறது, முன்னால் ஒரு டவுன் பஸ் புகையைக் கக்கிக்கொண்டு நிற்கிறது, பக்கத்தில் ஸ்கூட்டர்க்காரன் ஒருவன் வண்டியை மேலும் கீழும் பார்க்கிறான். பார்க்கட்டும். கான்டெஸாவை இப்போது யார் ஓட்டுகிறார்கள், இவ்வளவு நீள மூக்கும் இவ்வளவு அகல இடுப்புமாக ரோட்டை அடைத்துக்கொண்டு. எந்த வருஷ மாடல் சார் என்று ஆரம்பிப்பான், பதில் சொன்னால் விலைக்குக் கொடுக்கிற யோசனை இருக்குங்களா என்பான், அதனால் அவன் பக்கம் திரும்பாமல் இருப்பதே மேல். ராஜாமணி இடப்பக்கம் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் ஒரு கைமேல் இன்னொரு கையை வைத்து அழுத்திப் பிடித்திருக்கிறாள், அடியில் இருக்கிற கை ஆடுவது எனக்குத் தெரியக் கூடாதாம், என்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது, நடுக்கு வாதம் என்று டாக்டர் பெயர் வைப்பதற்கு முன்பே அந்தக் கையைப் பார்த்தவன் நான்தானே. கிளம்பும்போது மாத்திரை கொடுத்தேன். மாத்திரை உள்ளே போய் வேலை செய்ய ஆரம்பித்தால் ஒரு நல்ல நேரம் வரும், கை அடங்கும், முகம் இளகும், குரல் கொஞ்சம் மேலே எழும். ஒரு மணி நேரம், கூடிப்போனால் இன்னும் கொஞ்சம். பிறகு எல்லாம் இறங்கிவிடும். அந்த நேரத்துக்குள் நான் நீலாம்பூர் தாண்டி அகல ரோட்டில் ஏறியிருக்க வேண்டும், ஏறி ஐந்தாவதைப் போட்டிருக்க வேண்டும். போட்டால் இஞ்சின் அடங்கும், அடங்கினால் இவள் பேசுவது எனக்குக் கேட்கும். இந்த வருஷம் முழுக்க நான் போட்டுவைத்த கணக்கு இவ்வளவுதான். பச்சை விழுகிறது, பஸ் நகரவில்லை, பின்னால் ஒருவன் ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறான், நான் என்ன பஸ்ஸைத் தூக்கி ஓரமாக வைக்கவா முடியும், மறுபடி சிவப்பு. மாத்திரை உள்ளே கரைந்துகொண்டிருக்கிறது.

வீட்டில் கேட்கவில்லையா என்றால், கேட்கிறது. கேட்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். காபி ஆறுதுங்க, ஃபேனக் கொறைங்க, சுகந்தி போன் பண்ணாளா, இதெல்லாம் கேட்கிறது. காபி டம்ளர் எதிரே இருக்கும்போது காபி ஆறுகிறது என்பதைத் தவிர வேறு என்ன சொல்லப்போகிறாள் என்று ஒரு நினைப்பு ஓடுகிறது, அந்த நினைப்பை நான் ஓடவிடுவதில்லை, கிளட்சை மிதித்து அறுத்துவிடுகிறேன். அதுவுமில்லாமல் வீட்டில் பேசுவது பேச்சே இல்லை. கல்யாணமாகி வந்த புதிதில் வீடு நிறைய ஆட்கள், என் அம்மா, கல்யாணமாகாத தங்கைகள், நடு ரூமில் அப்பா, எதைச் சொன்னாலும் யார் காதிலாவது விழுந்து வேறொன்றாக வெளியே வரும். அதனால் இவள் பேசுவதெல்லாம் ஸ்கூட்டரில். ஊர் தாண்டியதும் பின்னாலிருந்து என் தோள்மேல் மோவாயை வைத்து ஆரம்பிப்பாள். யார் மேல் என்ன வருத்தம், பக்கத்து வீட்டுக்காரி அழுததில் எவ்வளவு நிஜம், தான் செத்துப்போனால் நான் எத்தனை மாதத்தில் அடுத்தவளைக் கட்டுவேன், எல்லாம். திரும்பி வந்து வாசலில் கால் வைத்ததும் வாய் மூடிக்கொள்ளும். பிறகு ஒரு மில் முதலாளி வீட்டில் ஓடின இந்த வண்டி என் கைக்கு வந்தது, பார்த்ததும் இவள் வைத்த பெயர் பயில்வான். பேச்சு ஸ்கூட்டரிலிருந்து பயில்வானுக்கு மாறியது. அம்மா அப்பா போய்ச் சேர்ந்தார்கள், தங்கைகள் அவரவர் வீட்டுக்குப் போனார்கள், மகள் சுகந்தி பெங்களூருக்குப் போனாள், வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான் என்று ஆன பிறகும் வழக்கம் மாறவில்லை. காலியான வீட்டில் யாருக்குப் பயந்து பேசாமல் இருக்கிறாய் என்று கேட்டிருக்கிறேன். சிரிப்பாள். வண்டி சின்னியம்பாளையம் தாண்ட வேண்டும், அப்போதுதான் அவளுக்குத் தொண்டை திறக்கும். புருஷன் பொண்டாட்டிக்கு இது என்ன வழக்கம் என்று யாராவது கேட்டால் எங்களுக்கு இதுதான் வழக்கம் என்பேன்.

பஸ் நகர்கிறது. முதல், இரண்டு. இரண்டாவது விழும்போது ஒரு சின்ன முனகல் வருகிறதே, வருகிறதா, இல்லை, அது பக்கத்து ஆட்டோ. புதுக் கியர் பெட்டியை இஞ்சினோடு சேர்க்க நான் செய்த அடாப்டர் பிளேட்டில் சென்டர் பார்த்தது சரியாகத்தான் இருக்கும், டயல் கேஜ் வைத்து எத்தனை முறை பார்த்திருப்பேன், இல்லாவிட்டால் இந்நேரம் பேரிங் கத்தியிருக்கும். ஏர்போர்ட் பிரிவில் மறுபடி கூட்டம். இவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வருகிறாள். அன்றைக்கும் இப்படித்தான் பார்த்துக்கொண்டு வந்தாள். தை மாதம், ஈரோட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்புகிறோம், பெருமாநல்லூர் தாண்டினதும் வெளியே பார்த்தபடியே எதையோ சொன்னாள். பழைய கியர் பெட்டியில் நாலு கியர்தான், நாலாவதில் எண்பதில் போனால் இந்த வண்டியின் இரைச்சல் உள்ளே உட்கார்ந்திருப்பவன் நெஞ்சுக்கூட்டில் வந்து உட்காரும். என்ன என்றேன். மறுபடி சொன்னாள். கேட்கவில்லை. என்ன சொன்னே என்றேன். மறுபடி. மூன்றாவது முறை நான் கத்தித்தான் கேட்டேன், கோபமில்லை, இஞ்சினுக்கு மேலே என் குரல் போக வேண்டுமே, ஆனால் பார்க்கிறவர்களுக்கு அது கோபம் மாதிரிதான் இருந்திருக்கும். வாயை மூடிக்கொண்டாள். தெக்கலூரில் டீக்கு நிறுத்தி, இஞ்சினை அணைத்துவிட்டு, அவள் வாய்க்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோய்க் கேட்டேன். "ஒண்ணுமில்லீங்க. இந்தப் பயில்வான் போடற சத்தத்துல நான் என்னத்தப் பேசறது." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அதற்குப் பிறகு வண்டியில் அவள் பேசவில்லை. பழனிக்குப் போனோம், பேசவில்லை. டாக்டரிடம் போகிற வழியில், வருகிற வழியில், பேசவில்லை. என்ன சொல்லியிருப்பாள். என்னை எங்கள் ஊரில் கொண்டுபோய் விட்டுவிடுங்கள் என்றிருப்பாளோ. எனக்குப் பயமாக இருக்கிறது என்றிருப்பாளோ. அந்த மாப்பிள்ளை முழியைப் பார்த்தீர்களா, பொண்ணு பாவம் என்றிருப்பாளோ. இல்லை, அந்தக் காட்டில் மயில் நிற்கிறது பாருங்கள் என்று மட்டும்கூட இருக்கலாம், அந்தப் பக்கம் மயில் நிறைய. மயிலாக இருந்தால் பரவாயில்லை என்று சமாதானம் செய்துகொள்வேன், மறுநிமிஷம், மயிலாகவே இருந்தாலும் அவள் காட்டினாளே, நான் பார்க்கவில்லையே என்று எழுந்து உட்கார்ந்துவிடுவேன்.

அன்று முடிவு செய்ததுதான் இந்த ஐந்தாவது கியர். முப்பத்தைந்து வருஷம் பம்ப்செட் கம்பெனி டூல் ரூமில் இருந்தவனுக்கு வேறு எப்படி யோசிக்கத் தெரியும். இரண்டு சத்தம் இருக்கிறது. ஒன்று தேய்ந்துகொண்டே போகிறது, அதை ஏற்றிவைக்க எனக்குத் தெரியாது. இன்னொன்றைக் குறைக்கத் தெரியும். இந்த வண்டிக் கம்பெனியே பின்னால் விட்ட மாடலில் ஐந்து கியர் பெட்டி உண்டு, ஐந்தாவதில் இஞ்சின் முழுச் சுற்று சுற்றுவதற்கு முன்பே பின்னால் போகிற ஷாஃப்ட் ஒரு சுற்றை முடித்துவிடும், ஓவர்டிரைவ் என்பார்கள், அதே வேகத்தில் வண்டி போகும், இஞ்சின் மட்டும் பாதி தூக்கத்தில் இருக்கும். உக்கடத்தில் பழைய சாமான் கடைகளில் ஏறி இறங்கி ஒரு பெட்டியைப் பிடித்தேன். என் இஞ்சினோடு அது சேராது, போல்ட் துளைகள் வேறு, நடுவில் கொடுக்க அலுமினியத்தில் ஒரு பிளேட் வார்த்து, கடைந்து, துளை போட்டு. தங்கமுத்து வந்து உதவினான், ராஜாமணியின் தம்பி, பெருந்துறையில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறான், ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி வருவான், இன்றைக்கும் அவன் வீட்டுக்குத்தான் சாப்பிடப் போகிறோம். வந்த அன்றைக்கே கேட்டான். "மச்சான், ஒரு புது வண்டி எடுத்துட்டீங்கன்னா சத்தமே இருக்காதுங்களே. இந்த வயசுல வண்டிக்கடியில படுத்துக்கிட்டு எதுக்குங்க இந்தப் பாடு?" "புது வண்டியில உங்கக்கா பேசமாட்டா மாப்ள." "ஏனுங்க?" "சுகந்தி வண்டியில ஒருக்கா பெங்களூர் வரைக்கும் போனோம். அப்ப இவளுக்குச் சீக்குமில்ல ஒண்ணுமில்ல. கண்ணாடிய ஏத்தி ஏசியப் போட்டுட்டாங்க. ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் வாயத் தொறக்கல. ஆரு வீட்டு நடுரூம்லயோ உக்காந்த மாதிரி இருக்குதுன்னா." அவன் ஜாக்கியை எடுத்தான். நல்ல பையன், ஐம்பத்தைந்து வயதாகிறது, எனக்குப் பையன்தான்.

பெட்டியை ஏற்றுகிற அன்று உயிரை வாங்கிவிட்டது. கியர் பெட்டியின் மூக்கிலிருக்கிற ஷாஃப்ட், கிளட்ச் பிளேட்டின் பல்லுக்குள் நுழைந்து, அதற்கப்பால் இஞ்சின் நடுவிலிருக்கிற சின்னத் துளையில் போய் உட்கார வேண்டும். உட்கார்ந்ததா. எல்லாம் உள்ளே போய்விட்டது, கடைசி ஒரு இஞ்ச் மட்டும் போகவில்லை. தள்ளினால் போகவில்லை, ஆட்டினால் போகவில்லை, நெற்றி வியர்வை கண்ணில் வழிகிறது, துடைக்கக் கை இல்லை. "போல்ட்ட மாட்டி இறுக்கினா தானா இழுத்துக்கும்ங்களா மச்சான்?" "இழுக்காது, போல்ட் மாட்டற காது ஒடஞ்சிரும். அலுமினியம் மாப்ள." மல்லாந்து படுத்துக்கொண்டு அந்த ஒரு இஞ்ச் இடைவெளியைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன், வெளிச்சம் தெரிந்தது, அந்தப் பக்கம் இருப்பது இந்தப் பக்கம் இருப்பதைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது, ஆனாலும் சேரவில்லை. அப்போது ராஜாமணி ஷெட் வாசலில் வந்து நின்றாள், அவள் கால் மட்டும் எனக்குத் தெரிந்தது, மெட்டியும் புடவைக் கரையும். எதையோ சொல்லியிருக்க வேண்டும். தங்கமுத்து, "என்னக்கா?" என்றான். பிறகு, "என்னக்கா சொல்றீங்க?" என்றான். பிறகு அவன் கால் அவள் காலுக்குப் பக்கத்தில் போனது, ரொம்பப் பக்கத்தில் போய் நின்றது. டீ போடட்டுமா என்று கேட்டிருக்கிறாள். திரும்பி வந்து குந்தி உட்கார்ந்து அடியில் குனிந்து என் முகத்தைப் பார்த்தான். "மச்சான், அக்கா கொரலு..." "மாப்ள, ஜாக்கியப் புடி." "இல்லீங், வந்து..." "புடிங்கறேன்ல." பிடித்தான். பின்னாலிருந்து ஷாஃப்டைக் கொஞ்சம் திருப்பினேன், பல்லுக்குப் பல் ஒத்துக்கொண்டது, பெட்டி தானாக வழுக்கிப் போய் உட்கார்ந்தது. சந்தோஷத்தில் அடியிலேயே கிடந்து கத்தினேன். அவன் கத்தவில்லை.

சின்னியம்பாளையம். மூன்றாவது. ரோடு கொஞ்சம் விடுகிறது. இவள் கை அடங்கியிருக்கிறது, பார்த்தேன், மேலே இருந்த கையை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள், மாத்திரை பிடித்துவிட்டது, நல்ல நேரம் ஆரம்பித்துவிட்டது, சீக்கிரம், சீக்கிரம், இந்த டிராக்டர் எதற்கு இன்றைக்கு இந்த ரோட்டுக்கு வந்தது. இன்னொரு நினைப்பு குறுக்கே வருகிறது. புரொப்பல்லர் ஷாஃப்ட். புதுப் பெட்டி நீளம், அதனால் பின்னால் போகிற ஷாஃப்டை வெட்டிக் குட்டையாக்க வேண்டும். வண்டியை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தியிருந்தேன், பின்சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தன, அந்த நிலையிலேயே டேப்பை வைத்து அளந்து வெட்டிவிட்டேன். இறக்கி நிறுத்தினதும் ஸ்பிரிங் பட்டையில் பாரம் ஏறி ஆக்ஸில் மேலே வந்தது, ஷாஃப்ட் போய்ப் பெட்டியின் வாலில் இடித்து நின்றது. டூல் ரூமில் இருந்தவன் செய்கிற காரியமா இது. அளவில் தப்பில்லை, ஒரு நூல்கூடப் பிசகவில்லை, தொங்குகிறபோது அளந்ததுதான் தப்பு. வண்டி தன் பாரத்தைத் தானே சுமந்துகொண்டு நிற்கும்போதுதான் அளக்க வேண்டும். இதை எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருப்பேன். மறுபடி வெட்டி, மறுபடி வெல்டிங் வைத்து, மறுபடி பேலன்ஸ் பார்த்து, அதில் ஒரு மாதம் போய்விட்டது. ஷாஃப்டுக்கு ஒரு மாதம் போனால் ஷாஃப்ட் அப்படியே இருக்கும். இவள் அப்படியே இருப்பாளா.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் சொன்னாள், சின்னப் பெண், கண்ணாடி போட்டவள், என்னைத் தனியாகக் கூப்பிட்டு. "அவங்களுக்குத் தான் நல்லா சத்தமா பேசற மாதிரிதான் இருக்கும் சார். அவங்க காதுக்கு அப்படித்தான் கேக்கும். கேக்கலன்னு நீங்க மூஞ்சியக் காட்டுனீங்கன்னா பேசறதையே நிறுத்திருவாங்க. தெனம் காலையில மூச்சு இழுத்து ஆ-ன்னு சொல்லச் சொல்லுங்க. நீங்களும் கூட உக்காந்து சொல்லுங்க." நான் தலையாட்டினேன். எருமை மாடு தலையாட்டின மாதிரி ஆட்டினேன், மனசு முழுக்க அப்போது பிளேட்டில் துளை போடுவதில் இருந்தது. தினமும் காலையில் இவள் கட்டிலில் உட்கார்ந்து ஆ என்று சொல்லியிருக்கிறாள். அதே நேரம் நான் ஷெட்டில் கிரைண்டரைப் போட்டிருக்கிறேன். காலை வெயில் ஏறுவதற்கு முன் வேலையை முடித்துவிட வேண்டும் என்று. ஒருநாள்கூடக் கூட உட்காரவில்லை. ஆ எவ்வளவு தூரம் வருகிறது, நேற்றைக்கு இன்றைக்குக் குறைந்ததா கூடினதா, எனக்குத் தெரியாது. உன் சத்தத்துக்காகத்தானே ராஜி இவ்வளவு சத்தம் போட்டேன் என்று இப்போது சொன்னால் நன்றாக இருக்கிறதா, கேட்பதற்கு. இல்லை, இதெல்லாம் வேண்டாம். அது சீக்கு, மெதுவாகத்தான் போகும், டாக்டரே சொன்னாரே, வருஷக்கணக்கு என்று. இது வண்டிச் சத்தம். வண்டிச் சத்தம்தான். இவளே சொன்னாளே.

நீலாம்பூர். பாலத்துக்கடியில் லாரிகள் வளைந்து வந்து சேர்கின்றன, ஒன்றை விட்டேன், இன்னொன்றை விட்டேன், ஏறிவிட்டேன். அகல ரோடு. வெயில் பளிச்சென்று அடிக்கிறது. நாலாவது. அறுபது, எழுபது, பழைய இரைச்சல் காலடியிலிருந்து ஏறுகிறது, டாஷ்போர்டு அதிர்கிறது, கண்ணாடி அதிர்கிறது, இது என் பழைய எதிரி, வாடா வா, இன்றைக்கு உன்னைப் பார்த்துக்கொள்கிறேன். ராஜாமணி என் பக்கம் திரும்பிப் பார்க்கிறாள். முகம் இளகியிருக்கிறது. அவளுக்குத் தெரியும், எதற்காக இத்தனை மாதம் கையெல்லாம் கறையோடு சாப்பிட உட்கார்ந்தேன் என்று அவளுக்குத் தெரியும், தங்கமுத்து சொல்லியிருப்பான். கணியூர் டோல்கேட் வருகிறது, மெதுவாக்கி, நின்று, போய், மறுபடி முதலிலிருந்து. டோல்கேட் தாண்டினதும் முன்னால் வெறும் ரோடு. போடவேண்டியதுதானே. கை போக மாட்டேன் என்கிறது. கருமத்தம்பட்டி தாண்டட்டும். ஏன் தாண்ட வேண்டும். லாரி ஒன்று போகட்டும். போய்விட்டது. என்ன பயம் உனக்கு, பெட்டி உடைந்துவிடும் என்றா, பெட்டி உடையாது, செய்தவனுக்குத் தெரியாதா. போட்டு, இஞ்சின் அடங்கி, அவள் பேசி. அதற்கு மேலே யோசிக்கப் போனால் ஒன்று இடிக்கிறது. இடிக்கட்டும். கிளட்சை மிதித்தேன், குமிழை என் பக்கமாக இழுத்து மேலே தள்ளினேன், வெண்ணெயில் போவது போல் போனது, கிளட்சை விட்டேன்.

அடங்கிவிட்டது. கடவுளே, இப்படி அடங்கும் என்று நானே நினைக்கவில்லை. கடைசிப் பந்திக்குப் பிறகு கல்யாண மண்டபம் ஆனது போல் ஆகிவிட்டது. எண்பதில் போகிறோம், முள் எண்பதைத்தான் காட்டுகிறது, இஞ்சின் எங்கேயோ தூரத்தில் தனக்குத்தானே பேசிக்கொண்டிருக்கிறது. டயர் உருளுவது கேட்கிறது. பின்சீட்டில் தங்கமுத்து வீட்டுக்கு வாங்கின பழக்கவர் சலசலப்பது கேட்கிறது. டாஷ்போர்டு கடிகாரம், இத்தனை வருஷமாக ஓடுகிறது, அது டிக் என்று அடிக்கும் என்றே எனக்குத் தெரியாது, அது கேட்கிறது. ஜெயித்துவிட்டேன் ராஜி, செய்துவிட்டேன், கண்ணில் தண்ணீர் வருகிறது, வந்தால் வரட்டும், பேசு, இப்போது பேசு, மயிலோ மாப்பிள்ளையோ எதுவானாலும் பேசு. அவள் வலது கை லேசாக மறுபடி ஆடுகிறது, கண்ணாடி வளையல்கள் ஒன்றோடொன்று படுகிற சத்தம், அரிசியை முறத்தில் தட்டினால் வருமே அவ்வளவுதான் இருக்கும், அதுகூட எனக்குத் துல்லியமாகக் கேட்கிறது. அவள் வெளியே பார்க்கிறாள். தெக்கலூர்ப் பக்கத்துத் தென்னந்தோப்புகள் போகின்றன. பக்கவாட்டில் அவள் கன்னம் அசைவது தெரிகிறது. உதடு அசைகிறது. பேசுகிறாள். ராஜாமணி பேசுகிறாள், கையை வேறு நீட்டி எதையோ காட்டி, புருவத்தைத் தூக்கி, பழைய ராஜாமணி, ஸ்கூட்டர் ராஜாமணி, வளையல் கேட்கிறது, கடிகாரம் கேட்கிறது, கவர் கேட்கிறது.

அவள் மட்டும் கேட்கவில்லை. காதை அவள் பக்கம் சாய்க்காமல் சாய்த்துப் பார்க்கிறேன். ஒரு காற்று. நடுவில் எங்கேயோ 'ச' என்று ஒரு எழுத்து, அதுவும் எழுத்துத்தானா, மூச்சுத்தானா. இவ்வளவுதானா மிச்சம். எப்போது போயிற்று, எந்த மாதம் போயிற்று, நான் எந்த நட்டை முடுக்கிக்கொண்டிருந்தபோது போயிற்று. காரணம் வண்டி இல்லை. வண்டி என்றைக்குமே இல்லை. தைக்குப் பிறகாவது இல்லை. தங்கமுத்து குந்தி உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தானே, அவனுக்குத் தெரிந்திருக்கிறது, எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்கும் தெரியும், காபி டம்ளரைப் பார்த்தே காபி என்று கேட்டுக்கொண்ட எனக்குத் தெரியாமலா. அடிவயிற்றிலிருந்து ஒரு அழுகை கிளம்பி வருகிறது, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அதை அமுக்குகிறேன். அவள் சொல்லி முடித்துவிட்டாள். முடித்துவிட்டு என் பக்கம் திரும்புகிறாள். பதிலுக்குக் காத்திருக்கிறாள். கேள்விதான் கேட்டிருக்கிறாள் போலிருக்கிறது, ஆமாம் என்பதா இல்லை என்பதா, சிரிக்க வேண்டிய கேள்வியா வருத்தப்பட வேண்டிய கேள்வியா, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வண்டிக்குள் அவ்வளவு அமைதி. அவள் முகத்தில் சிரிப்பு இன்னும் இருக்கிறது, ஆனால் ஓரத்தில் மெதுவாக ஒன்று இறங்குகிறது, அவள் இஞ்சின் இருக்கிற பக்கம் ஒருமுறை பார்க்கிறாள், பிறகு என்னைப் பார்க்கிறாள், பிறகு கையைத் தூக்கித் தன் தொண்டையைத் தொடப்போகிறாள்.

கிளட்சை மிதித்தேன். குமிழைப் பிடுங்கி நாலாவதில் அடித்தேன். இஞ்சின் அலறிக்கொண்டு எழுந்தது, டாஷ்போர்டு அதிர்ந்தது, கண்ணாடி அதிர்ந்தது, கடிகாரமும் வளையலும் காணாமல் போய்விட்டன. "சனியன், அஞ்சாவது நிக்க மாட்டேங்குது ராஜி, வெளிய தள்ளுது," என்று கத்துகிறேன், "சத்தம் பாரு, நீ சொன்னது ஒண்ணுமே காதுல உளுகல, என்ன சொன்னே?" தொண்டைப் பக்கம் போன கை பாதியில் நிற்கிறது. என்னைப் பார்க்கிறாள். பிறகு அந்தக் கையால் டாஷ்போர்டை, பயில்வான் முதுகில் தட்டுகிற மாதிரி, ரெண்டு தட்டு தட்டுகிறாள், தோள் குலுங்கச் சிரிக்கிறாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, என் பக்கமாக நன்றாகத் திரும்பி உட்கார்ந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறாள். ஆமாம் என்கிறேன். அப்படியா என்கிறேன். அவள் புருவத்தைத் தூக்குகிற இடத்தில் நானும் தூக்குகிறேன். பெருந்துறையில் வாசலுக்கே வந்து நின்றுகொண்டு தங்கமுத்து கேட்பான், அஞ்சாவது எப்படிங்க மச்சான் என்று. நிற்கவில்லை மாப்ள என்பேன். அடியில் படுத்துப் பார்க்கட்டுங்களா என்பான், வேண்டாம் என்பேன், அதற்கு மேல் அவன் கேட்க மாட்டான். அவிநாசி தாண்டியாயிற்று. பின்னால் வருகிறவர்கள் விளக்கைப் போட்டுப் போட்டு எங்களை முந்திப் போகிறார்கள், இந்தக் கிழட்டு வண்டி ஏன் இப்படி இரைகிறது என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே போகிறார்கள். ராஜாமணி பேசிக்கொண்டே வருகிறாள். நான் நாலாவதிலேயே ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.